‘கூனல் குதிரை’ பாலே திரைப்படம் (1961): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்ய பாலே என்றால் இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியோடு நின்றுவிடுகிறவர்கள் பலர். ‘அன்னப்பறவை ஏரி’யும் ‘உறங்கும் அழகி’யும் பார்த்தாகிவிட்டது, அடுத்து என்ன என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் படத்தைத்தான் முதலில் சொல்வோம். சோவியத் காலத்துப் படம், வண்ணத்தில் எடுக்கப்பட்டது, நாட்டுப்புறக் கதை, சிரிக்க வைக்கும் பாலே. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் கீழே.

இது என்ன படம்?

மாஸ்கோ போல்ஷோய் தியேட்டர் 1960 மார்ச் 4 அன்று முதன்முதலாக மேடையேற்றிய ‘கூனல் குதிரை’ பாலேயின் திரை வடிவம். ரஷ்ய மொழியில் பாலேயின் பெயர் ‘கன்யோக் கர்புனோக்’. இசை ரதியோன் ஷெத்ரின், நடன அமைப்பு அலெக்சாந்தர் ரதூன்ஸ்கி. அடுத்த ஆண்டே அது படமானது. இயக்கியவர் ஸோயா துலுபியெவா. 1957இல் ‘அன்னப்பறவை ஏரி’யைப் படமாக்கியவரும் அவர்தான். படத்தின் பெயர் ‘ஸ்காஸ்கா அ கன்கே கர்புன்கே’, அதாவது கூனல் குதிரையின் கதை. ஓடும் நேரம் ஒன்றேகால் மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில்.

ஜார் மங்கையாக மாயா பிளிசெத்ஸ்கயா, இவானாக விளாதிமிர் வசீலியெவ், குதிரையாக அல்லா ஷெர்பினினா. கிழட்டு ஜாராக வருவது நடனத்தை அமைத்த ரதூன்ஸ்கியேதான்.

கதை தெரியாமல் பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். பலரும் கால் மணி நேரத்தில் படத்தை நிறுத்திவிடுவதற்கு ஒரே காரணம் இதுதான். ரஷ்யக் குழந்தைக்குக் கதை மனப்பாடம். பாலே அதை நம்பித்தான் நகர்கிறது. எனவே முதலில் கதை.

ஒரு கிழவருக்கு மூன்று மகன்கள். கடைசி மகன் இவானை ஊரே முட்டாள் என்கிறது. அவர்களது கோதுமை வயலை இரவில் யாரோ மிதித்து நாசமாக்குகிறார்கள். காவலுக்குப் போன அண்ணன்கள் இருவரும் ஏமாற்றிவிட்டு வர, இவான் மட்டும் விழித்திருந்து, பனிபோல வெளுத்த ஒரு பெண்குதிரையைப் பிடிக்கிறான். தாவி ஏறியவன் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, வாலைப் பிடித்துக்கொள்கிறான். குதிரை எவ்வளவு துள்ளியும் அவனைத் தள்ள முடியவில்லை. விடுதலைக்கு ஈடாக அது மூன்று குதிரைகளைத் தருகிறது. இரண்டு, பொன் பிடரி கொண்ட பேரழகுக் குதிரைகள். மூன்றாவது கூனல் விழுந்த குட்டை. அழகான இரண்டை விற்றாலும் மூன்றாவதை எக்காரணம் கொண்டும் விற்காதே என்கிறது தாய்.

அண்ணன்கள் அழகான குதிரைகளைத் திருடிக்கொண்டு நகரத்துக்குப் போகிறார்கள். துரத்திப் போகும் வழியில் இவானுக்கு நெருப்புப் பறவையின் ஒரு இறகு கிடைக்கிறது. எடுக்காதே, வம்பு வரும் என்று கூனல் குதிரை எச்சரிக்கிறது. அவன் எடுக்கிறான், பின்னால் வரும் எல்லாத் தொல்லைக்கும் வேர் அதுதான். ஜார் குதிரைகளை வாங்கி, இவானை லாயத்துக்குப் பொறுப்பாளி ஆக்குகிறார். பொறாமை பிடித்த அரண்மனை ஊழியன் ஒருவன் ஒளிந்திருந்து இறகைக் கண்டுபிடித்துக் கோள் மூட்டுகிறான். அதன் பிறகு ஜாரின் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: நெருப்புப் பறவையைப் பிடித்து வா, ஜார் மங்கையைக் கொண்டு வா, கடலடியில் கிடக்கும் அவள் மோதிரத்தை எடுத்து வா.

மோதிரம் வந்த பிறகும் அவள் கிழவரை மணக்கச் சம்மதிக்கவில்லை. இளமை வேண்டுமானால் மூன்று கொப்பரைகளில் குதித்து எழு என்கிறாள். மூலக் கவிதையில் ஒன்றில் குளிர்ந்த நீர், ஒன்றில் காய்ச்சிய நீர், ஒன்றில் கொதிக்கும் பால். ஜார் முதலில் இவானைத் தள்ளிச் சோதிக்கிறார். குதிரையின் மந்திரத்தால் அவன் பேரழகனாக எழுந்து வருகிறான். பார்த்த ஜாரும் குதிக்கிறார்; வெந்து போகிறார். இவானுக்கும் ஜார் மங்கைக்கும் கல்யாணம்.

கவிதைக்கும் பாலேக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. கவிதையில் பறவை ஒரு பயணம், மங்கை இன்னொரு பயணம். பாலே இரண்டையும் சேர்த்து, நெருப்புப் பறவைகள் கூடும் இடத்திலேயே ஜார் மங்கையையும் வைக்கிறது. முதுகில் ஒரு கிராமத்தையே சுமந்து கிடக்கும் திமிங்கிலம் கவிதையில் பெரிய பாத்திரம். மேடையில் அதன் இடத்தைக் கடலடி உலகின் நடனம் எடுத்துக்கொள்கிறது.

மூலக் கதையை எழுதியது யார்?

பியோத்தர் யெர்ஷோவ். 1815இல் சைபீரியாவின் இஷிம் அருகே பிறந்தவர். 1834இல் இது வெளிவந்தபோது பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர், வயது 19. புஷ்கின் பாராட்டினார். ஜாரையும் அரண்மனைக்காரர்களையும் எள்ளும் கதை என்பதால் தணிக்கை வெட்டு விழுந்தது. 1843க்குப் பிறகு மறுபதிப்புக்கு 1856 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் யெர்ஷோவ் தபோல்ஸ்கில் பள்ளி ஆசிரியராக இருந்தார். தனிம அட்டவணை தந்த மெந்தெலேயெவ் அவரிடம் படித்தவர்.

குதிரையின் அளவைக் கவிதை துல்லியமாகச் சொல்கிறது: உயரம் மூன்று வெர்ஷோக், முதுகில் இரண்டு கூன், காது ஓர் அர்ஷின். ஒரு வெர்ஷோக் சுமார் 4.4 சென்டிமீட்டர், ஓர் அர்ஷின் 71 சென்டிமீட்டர். நம் கணக்கில் உயரம் ஒரு சாண்கூட இல்லை, காது மட்டும் ஒன்றரை முழம்! அக்கால ரஷ்யாவில் இரண்டு அர்ஷினை விட்டுவிட்டு அதற்கு மேலுள்ள வெர்ஷோக்கை மட்டும் சொல்லும் வழக்கம் இருந்தது. அப்படிப் படித்தால் குதிரை 155 சென்டிமீட்டர் உயரம். ஓவியர்கள் பெரும்பாலும் சின்னக் குதிரையையே வரைந்தார்கள். மேடையில் ஆள் அளவுக்கு வந்தே ஆக வேண்டும். அந்தச் சின்னத்தனத்தை ஆடுபவர் நடையாலும் துள்ளலாலும் காட்ட வேண்டியிருக்கிறது.

தேடினால் இதே பெயரில் நிறைய வருகிறதே, எது சரியானது?

குழப்பம் நியாயமானது. 1941இல் அலெக்சாந்தர் ரோ எடுத்தது நடிகர்கள் பேசி நடித்த படம். 1947இல் இவானோவ்-வானோ எடுத்தது கார்ட்டூன்; அதையே அவர் 1975இல் மறுபடி புதிதாக எடுத்தார். 2021இல் கணினி வரைகலையோடு ஒரு படம் வந்தது. இவை எதுவும் பாலே அல்ல.

ரஷ்ய எழுத்தில் தேடினால்தான் நல்ல பிரதி அகப்படும். மொழிபெயர்ப்புச் செயலியில் பெயரை ரஷ்ய எழுத்துக்கு மாற்றிக்கொண்டு, ‘பாலே’ என்ற ரஷ்யச் சொல்லையும் பிளிசெத்ஸ்கயா பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரு சிறு நுட்பம்: ‘கன்யோக்’ என்பதில் வரும் ‘யோ’ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி உண்டு. ரஷ்யர்கள் தட்டச்சில் அந்தப் புள்ளிகளைப் பெரும்பாலும் போடுவதில்லை. புள்ளியோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை தேடுங்கள். ஆண்டையும் 1961, 1962 என்று இரண்டாகப் போட்டுப் பாருங்கள்; சில பட்டியல்கள் பின்னதைக் குறிக்கின்றன.

வட்டு வேண்டுமென்றால், அமெரிக்காவின் வி.ஏ.ஐ. நிறுவனம் டிவிடியாக வெளியிட்டிருக்கிறது. பழைய வட்டு விற்பனையில் தேட வேண்டியிருக்கும்.

‘ஓஷனும் முத்துக்களும்’ என்று இதே பாலேயிலிருந்து ஒரு துண்டு பார்த்தேன். படத்தில் அது இல்லையே?

அது வேறு பாலே. இந்தக் கதைக்கு இரண்டு தனித்தனி இசைகள் இருப்பது பலருக்குத் தெரியாது.

முதலாவது 1864இல் பீட்டர்ஸ்பர்க்கில் மேடையேறியது. நடனம் பிரெஞ்சுக்காரரான ஆர்தர் சேன்-லியோன், இசை இத்தாலியரான சேசரே பூன்யி. ரஷ்ய நாட்டுப்புறக் கதையை முழு நீள பாலேயாக்கிய முன்னோடி அதுதான். ஆக்கிய இருவருமே ரஷ்யர் அல்லர். அதில் மார்ஃபா முரவியோவா ஜார் மங்கை. 1895இல் நடன அமைப்பாளர் பெத்திபா அதைப் புதுப்பித்தார். 1901இல் மாஸ்கோவில் கோர்ஸ்கி புதுப்பித்தார். ஓர் ஆண், இரண்டு பெண்கள் ஆடும் ‘ஓஷனும் முத்துக்களும்’ இந்த மரபிலிருந்து மிஞ்சிய துண்டு. பாலே பள்ளி விழாக்களில் இன்றும் ஆடுகிறார்கள்.

காதாலேயே பிரித்தறியலாம். வால்ட்ஸும் போல்காவும் வழுவழுவென்று நாலு நாலு அடியாக அடுக்கி வந்தால் பூன்யி. தாளம் திடீரென இடறி, பித்தளைக் குழல்கள் குறும்பு செய்து, கிராமத்துப் பாட்டின் மெட்டு நடுவில் எட்டிப் பார்த்தால் ஷெத்ரின்.

ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘நெருப்புப் பறவை’க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பறவை பொதுச்சொத்து, அவ்வளவே. 1910இல் பாரிஸில் அரங்கேறிய அந்த பாலேயின் நாயகன் இளவரசன் இவான். இங்கே இருப்பவன் குடியானவன் வீட்டு இவான்.

பாலே பார்த்துப் பழக்கமே இல்லை. எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் தடவை கால்களைப் பார்க்காதீர்கள். முகத்தையும் முதுகையும் பாருங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு பாலேயில் கதை சொல்ல ஒரு சைகை மொழி உண்டு: முகத்தைச் சுற்றிக் கை வளைத்தால் அழகி, மோதிர விரலைக் காட்டினால் கல்யாணம், மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்து முஷ்டி மடக்கினால் சாவு. பரதத்தின் முத்திரை போல, கற்றால்தான் புரியும். சோவியத் பாலே 1930களில் வேறு வழியில் போனது. 1934இல் ‘பக்சிசராய் நீரூற்று’, 1940இல் ‘ரோமியோ ஜூலியட்’ என்று, நாடக நடிகர்போல நடித்துக்கொண்டே ஆடும் பாணி வளர்ந்தது. ரதூன்ஸ்கி அந்த வார்ப்பில் வந்தவர். அதனால் அகராதி இல்லாமலே இந்தப் படம் புரியும்.

இரண்டாவது தடவை, யார் எந்த நடன மொழியில் ஆடுகிறார் என்று பாருங்கள். ஜார் மங்கை விரல் நுனியில் நிற்கும் செவ்வியல் பாலே மொழியில் பேசுகிறாள். தரையை விட்டுக் கொஞ்சம் மேலேயே வாழ்கிறவள். ஜாருக்கு நடனமே இல்லை என்று சொல்லலாம். நடையும் நடிப்பும் கோமாளித்தனமும்தான். இவான் நடுவில் நிற்கிறான். அவன் குதிப்புகள் பாலே, தோளும் முழங்காலும் கிராமம்.

ரஷ்ய ஆண்கள் குந்தி ஆடும் ‘பிரிசியாத்கா’வை எடுத்துக்கொள்ளுங்கள். குந்திய நிலையில் எடை முழுவதும் முன்பாதத்தில். குதிகால் தரையைத் தொடாது. ஒரு காலை முன்னே நீட்டும் அதே கணத்தில் மற்றக் கால் தரையை உதைத்து உடலைச் சற்று எழுப்ப வேண்டும், அடுத்த அடியில் கால்கள் இடம் மாறும். முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும். தேராத ஆட்டக்காரர் உடலை முன்னே சாய்த்துச் சமாளிப்பார்; சாய்ந்தவுடன் எடை முழங்காலுக்குப் போகும், எழும்பல் செத்துவிடும், தாளம் அரை அடி பிந்தும். தேர்ந்தவரிடம் தலை ஒரே உயரத்தில் மிதப்பதுபோல நிற்கும், கீழே கால்கள் மட்டும் பறக்கும். எந்த நாட்டுப்புறக் காட்சியிலும் இந்த ஒன்றை வைத்தே ஆளை எடை போடலாம்.

பிளிசெத்ஸ்கயாவுக்காகவே பார்க்கலாமா?

தாராளமாக. ஆனால் அவருக்காக உட்கார்ந்து வசீலியெவைக் கொண்டாடிவிட்டு எழுந்திருப்பீர்கள்.

பிளிசெத்ஸ்கயாவுக்கு அப்போது வயது 35, புகழின் உச்சம். எலும்பே இல்லாததுபோல் அலையும் கைகள், முதுகு வில்லாக வளைந்து தலையும் பின்காலும் நெருங்கும் அந்தத் தாவல் ஆகியவை அவர் முத்திரைகள். 1953இலேயே இந்தியா வந்து நேரு முன் ஆடியவர். ஷெத்ரின் அவருடைய கணவர், 1958இல் திருமணம். இந்த இசையை அவர் மனைவிக்கே காணிக்கையாக்கினார்.

வசீலியெவ் 1940இல் பிறந்தவர், படப்பிடிப்பின்போது 21தான். பின்னாளில் ‘ஸ்பார்டகஸ்’ என்றாலே அவர் என்ற அளவுக்கு வீர நாயகராக உலகம் அறிந்தது. இங்கே வீரம் எதுவும் இல்லை. கலைந்த வைக்கோல் முடி, திறந்த வாய், எதைக் கண்டாலும் வியக்கிற கண்கள். முட்டாள் வேடத்தில் பல நடிகர்கள் தாங்கள் முட்டாள் இல்லை என்று ஓரக்கண்ணால் நமக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வசீலியெவ் ஒரு கணம்கூட அதைச் செய்யவில்லை. ரஷ்யக் கதைகளின் ‘முட்டாள் இவான்’ அறிவில்லாதவன் அல்ல, கணக்குப் பார்க்கத் தெரியாதவன். நம் வழக்கில் வெள்ளந்தி. அந்த வெள்ளந்தித்தனத்தை உடலாலேயே காட்டிய நடனம் இதற்கு இணையாக வேறு அதிகம் இல்லை.

படத்தின் உயிர் காதல் ஜோடியிடம் இல்லை, இவானும் குதிரையும் சேர்ந்து வரும் காட்சிகளில்தான் இருக்கிறது. ஷெர்பினினாவின் பெயரைப் பலரும் கவனிப்பதில்லை. நீங்கள் கவனியுங்கள்.

இசை தனியாகக் கேட்கத் தகுந்ததா?

மிகவும். மாணவப் பருவம் முடியும் தறுவாயில், 1955–56இல், ஷெத்ரின் எழுதியது. முதல் பாலே என்ற தயக்கம் எங்கும் தெரியாது. ரஷ்யக் கிராமத்தில் இளைஞர்கள் ஒருவரை ஒருவர் சீண்டிப் பாடும் நாலு வரிக் குறும்பாட்டுக்கு ‘சஸ்தூஷ்கா’ என்று பெயர். அதன் துள்ளல்தான் இந்த இசையின் நாடித்துடிப்பு. ‘நான் பாலலைக்கா (ரஷ்ய நரம்பு வாத்தியம்) வாசிக்கிறேன்’ என்ற சிறு துண்டைப் பியானோ மாணவர்கள் தனியாகவே வாசிப்பதுண்டு. பெண்கள் வட்டமாக ஆடும் ‘ஹொரவோத்’ துண்டிலிருந்து தொடங்குங்கள். மெதுவாக வருவது, முதல் தடவையிலேயே மனத்தில் நிற்பது.

இதன் பிறகு அவர் ‘கார்மென் சூட்’ (1967), ‘அன்னா கரேனினா’ (1972) என்று போனார். பலர் அவற்றை அறிவார்கள், இதை அறியார்கள்.

ஏன் இவ்வளவு காலம் வெளியுலகம் இதைக் கவனிக்கவில்லை?

வெளிநாட்டுப் பயணத்தில் தியேட்டர்கள் எடுத்துப் போவது டிக்கெட் விற்கிற பெயர்களைத்தான். சைக்கோவ்ஸ்கி இல்லை, கதையும் ரஷ்யாவுக்கு வெளியே தெரியாது, நகைச்சுவை பாதி உள்ளூர்க்காரர்களுக்கே பிடிபடுவது. மூன்றும் சேர்ந்துவிட்டன. 2009இல் அலெக்செய் ரத்மான்ஸ்கி மரின்ஸ்கி தியேட்டருக்காக ஷெத்ரின் இசையிலேயே புது நடனம் அமைத்தார். 2011இல் அது நியூயார்க் போனது. அதன் பிறகுதான் பலர் திரும்பிப் பார்த்து 1961 படத்தைத் தேடினார்கள்.

ரத்மான்ஸ்கி வடிவத்தை முதலில் பார்க்கலாமா, படத்தையா?

படம் முதலில். ரத்மான்ஸ்கி இரண்டு அங்கங்களில் வேகமாகச் சொல்கிறார். மக்சீம் இசாயெவின் காட்சியமைப்பு கிராமத்தையும் அரண்மனையையும் பளிச்சென்ற வண்ணத் தளங்களாகச் சுருக்கிவிடுகிறது. குதிரையை ஆண் ஆடுகிறார். புத்திசாலித்தனமான படைப்புத்தான். ஆனால் கோதுமை வயல், மரக்குடிசை, ஜாரின் படுக்கை என்று எதையும் விடாமல் காட்டும் பழைய படத்தைப் பார்த்தவருக்கே, எது எங்கே சுருங்கியிருக்கிறது என்ற சுவை கிடைக்கும்.

இது மேடைப் பதிவா? கைதட்டலே கேட்கவில்லையே.

மேடைப் பதிவு இல்லை. படத்துக்காகவே எடுக்கப்பட்டது. இந்த வகைப் படங்களில் இசையை முன்கூட்டியே பதிவு செய்து, படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு, அதற்கு ஆடுவார்கள். மேடையில் இசைக்குழு நடத்துனர் ஆடுபவரின் குதிப்பு உயரத்தைப் பார்த்துத் தாளத்தைச் சற்று இழுத்துப் பிடிப்பார். இங்கே அந்தச் சலுகை கிடையாது. இன்னொரு விளைவு, ஒரு நடனத்தைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவது. கோணம் மாறும்போது மூச்சு வாங்கியவர் திடீரென்று புதிதாகத் தெரிந்தால் வியக்க வேண்டாம்.

என் டிவியில் ஆடுபவர்களின் பாதம் வெட்டுப்படுகிறது. சிலசமயம் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள்.

பழைய 4:3 (அகலம் 4, உயரம் 3) படச்சட்டத்தை 16:9 திரைக்குப் பொருத்தும்போது வரும் கோளாறு. டிவியில் ‘ஜூம்’ போட்டிருந்தால் உயரத்தில் கால் பங்கு, அதாவது 25 சதவீதம், போய்விடும். பாலேயில் அது சரியாகப் பாதமும் தூக்கிய கையும் இருக்கும் இடம். ‘ஸ்ட்ரெச்’ போட்டிருந்தால் ஆட்கள் மூன்றில் ஒரு பங்கு அகன்று, கால் குட்டையாகத் தெரியும். ரிமோட்டில் படத்தின் வடிவத்தை 4:3 அல்லது ‘ஒரிஜினல்’ என்று வையுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும். வர வேண்டும்.

பட்டை இருந்தும் பாதம் இல்லையென்றால், பதிவேற்றியவரே வெட்டிவிட்டார் என்று அர்த்தம். வேறு பிரதி தேடுவது தவிர வழியில்லை.

அதே மெனுவில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ என்ற வகையிலான வசதி எதுவானாலும் அணைத்துவிடுங்கள். அது இல்லாத படச்சட்டங்களை (ஃபிரேம்) கற்பனையாக நுழைக்கும். வேகமான சுழற்சியில் முழங்காலுக்குக் கீழே கால் கரைந்து, கோந்து போல இழுபடும்.

வேகமான அசைவில் சீப்புப் பல் போலக் கோடு விழுந்தால் அது வட்டிலிருந்து எடுத்த இன்டர்லேஸ் பிரதி, அதாவது ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாகப் பிரித்துப் பதிந்தது. கணினியில் வி.எல்.சி. செயலியில் ‘டி’ விசையை அழுத்தினால் கோடு மறையும். படத்தின் வடிவத்தை ‘ஏ’ விசை மாற்றும். ‘ஈ’ விசை ஒவ்வொரு சட்டமாக நகர்த்தும். ஒரு தாவலின் உச்சியை நிறுத்திப் பார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது.

இசை கீச்சென்று, எல்லாம் அவசரமாக ஓடுவதுபோல் இருக்கிறது.

ஐரோப்பிய டிவிக்காக மாற்றப்பட்ட பிரதியாக இருக்கும். திரைப்படம் விநாடிக்கு 24 சட்டம். அந்த டிவி முறை 25. மாற்றும்போது படம் 4 சதவீதம் வேகமாகிறது. 85 நிமிடம் ஓட வேண்டியது 81 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும். சுருதியும் ஒரு ஸ்வரஸ்தானத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏறிவிடும். சங்கீதக் காது உள்ளவர்களுக்கு உடனே உறுத்தும். ஆட்டக்காரர்களும் இயல்பைவிட லேசானவர்களாகத் தெரிவார்கள்; தரையிறங்கும் கனம் காணாமல் போகும்.

செயலியில் வேகத்தை 0.96 என்று வையுங்கள். சுருதியும் கீழிறங்க வேண்டுமென்றால், வேகம் மாறும்போது சுருதியைக் காக்கும் அமைப்பையும் அணைக்க வேண்டும். வி.எல்.சி.யில் ஒலி அமைப்புகளில் அது இருக்கிறது, இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். இதை அணைக்க மறப்பதால்தான் பலருக்கு ‘வேகம் சரி, சுருதி சரியில்லை’ என்றாகிறது.

குதித்து இறங்குவதும் மேளமும் ஒத்துப்போகவில்லை.

முதலில் படம் முழுக்க ஒரே அளவு பிசகுகிறதா என்று பாருங்கள். ஒரே அளவென்றால், விண்டோஸில் வி.எல்.சி.யின் ‘ஜே’, ‘கே’ விசைகள் ஒலியை ஒரு தடவைக்கு 50 மில்லி விநாடி முன்னும் பின்னும் தள்ளும். ஒரு திரைச்சட்டத்தின் நேரம் 42 மில்லி விநாடி என்பதால், ஓர் அழுத்தல் சுமார் ஒரு சட்டம். ப்ளூடூத் ஸ்பீக்கராலும் இந்தத் தாமதம் வரும். கம்பியில் இணைத்துச் சோதித்துவிட்டுப் பிறகு விசைகளைத் தொடுங்கள். ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போகப் பிசகினால் பிரதியே கெட்டது. ஒரே ஒரு காட்சியில் மட்டும் பிசகினால், அது அன்றைய படத்தொகுப்பிலேயே நேர்ந்ததாக இருக்கும், அப்படியே விடுங்கள்.

நிறம் முழுக்க ஒரே சிவப்பாக இருக்கிறதே?

போருக்குப் பிறகு சோவியத் நாடு பயன்படுத்திய வண்ணச்சுருள் ஜெர்மன் ஆக்ஃபா முறையிலிருந்து வந்தது. சுருளில் மூன்று சாய அடுக்குகள். அவை ஒரே வேகத்தில் மங்குவதில்லை. எது முதலில் போகிறதோ அதற்கு எதிர் நிறம் மேலோங்கும். நீலப்பச்சைச் சாயம் மங்கினால் படம் சிவக்கும். டிவியில் நிறச்செறிவைக் கூட்டுவது தவறு, சிவப்புத்தான் இன்னும் ஏறும். மாறாகச் செறிவைச் சற்றுக் குறைத்து, நிறவெப்பத்தைக் ‘கூல்’ பக்கம் ஒரு படி தள்ளுங்கள். வெள்ளை உடை வரும் காட்சியில் நிறுத்தி, அது வெள்ளையாகத் தெரியும்வரை சரிசெய்துவிட்டு, பிறகு ஒரு முகத்தைப் பாருங்கள். முகம் சாம்பல் பூத்தால் ஒரு படி பின்வாங்குங்கள். நெருப்புப் பறவைகள் வரும் காட்சியை வைத்து மட்டும் சரிசெய்யாதீர்கள். அங்கே சிவப்பு இருக்கத்தான் வேண்டும்.

சப்டைட்டில் எங்கே கிடைக்கும்?

தேட வேண்டாம். பாலேக்கு வசனம் கிடையாது. மேலே சொன்ன கதைச் சுருக்கம் போதும்.

குழந்தைகளோடு பார்க்கலாமா? கொப்பரைக் காட்சி பயமுறுத்தாதா?

ஆறு, ஏழு வயதிலிருந்து நன்றாகவே பார்ப்பார்கள். முந்தின நாள் இரவு கதையை வாயால் சொல்லிவிடுங்கள்; ஜார் வெந்து போவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முன்கூட்டித் தெரிந்த குழந்தை அதற்காகவே காத்திருக்கும். ஒரே மூச்சில் வேண்டாம். இவான் அரண்மனையில் வேலைக்குச் சேரும் இடத்தில் ஒரு தடவை நிறுத்துங்கள், அடுத்தது ஜார் மங்கையைக் கொண்டு வந்ததும். மூன்று அமர்வு, ஒவ்வொன்றும் அரை மணியை ஒட்டி. பறவைகளின் நீண்ட கூட்டு நடனத்தில் சின்னவர்கள் நெளிவார்கள். அங்கே அவசரமாக ஓட்டாமல், எத்தனை பேர் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள் என்று எண்ணச் சொன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

இது பிடித்தவர்களுக்கு அடுத்தது என்ன?

‘கண்ணாடிச் செருப்பு’ (1960). புரகோஃபியெவின் ‘சிண்ட்ரெல்லா’ பாலே, ரயீஸா ஸ்த்ருச்கோவா ஆடியது. நடனம் அமைத்த ரஸ்திஸ்லாவ் ஜகாரவும், 1941 கூனல் குதிரைப் படத்தை எடுத்த அதே அலெக்சாந்தர் ரோவும் சேர்ந்து இயக்கினார்கள். அதன் பிறகு லெனின்கிராத் கிரோவ் குழுவின் ‘உறங்கும் அழகி’ (1964). அல்லா சிசோவாவும் யூரி சலவ்யோவும் அதில் ஆடுகிறார்கள். கதைச்சுவையைவிட நடனத் தூய்மை வேண்டுமென்றால் இரண்டாவதை முதலில் எடுங்கள். மேலே சொன்ன 4:3 அமைப்பையும் 24, 25 சட்டச் சோதனையையும் அவற்றுக்கும் செய்துவிட்டு உட்காருங்கள்.